போரில் இறந்த இளம் சிப்பாய்க்கு மலையூரில் ஒரு நடுகல்: தேடுவது, எழுதுவது, நடுவது

கேள்வி, சுருக்கமாக: கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ராணுவத்துக்குப் போன இளைஞர் 1944-ல் பர்மா சண்டையில் இறந்திருக்கிறார். அப்போது வயது 21 என்று வீட்டில் சொல்கிறார்கள். உடல் வரவில்லை, அடக்கம் எங்கே என்றும் தெரியாது. மிஞ்சியிருப்பது கண்ணாடிச் சட்டத்தில் ஒரு போட்டோ, இரண்டு மெடல், அவர் தமிழில் எழுதிய ஒரு கார்டு. அண்ணன் பேரன் ஊரில் அவருக்கு ஒரு கல் வைக்க விரும்புகிறார். எங்கே தொடங்குவது, கல்லில் என்ன எழுதுவது, யாரிடம் அனுமதி வாங்குவது, ஊரிலிருந்து போன மற்றவர்கள் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

கல் பட்டறைக்குப் போவதை மூன்று மாதமாவது தள்ளிப் போடுங்கள். ஊர்களில் வைக்கிற நினைவுக் கற்களில் கல் கெடுவது குறைவு, அதில் எழுதிய விவரம் தப்பாக இருப்பதுதான் அதிகம். ரெஜிமென்ட் மாறியிருக்கும். தேதி, தந்தி வந்த தேதியாக இருக்கும். இடம் ‘பர்மா’ என்று மொட்டையாக நிற்கும். வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது, கல்லையே மாற்ற வேண்டியதுதான்.

மெடலில் தொடங்குங்கள். இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெடல்களில் பெயர் பொறிக்கவில்லை; இந்திய ராணுவத்தாருக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள், வட்ட மெடலாக இருந்தால் விளிம்பில். எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கெழுத்து என்ற வரிசையில் இருக்கும். உங்களுக்கு உயிர்நாடி அந்த எண்தான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான்.

படிக்கத் தெரியவில்லை என்று பிராசோவோ புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பொறிப்பு மிக மெல்லியது. ஒரு தேய்ப்பில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், அப்புறம் எந்த வெளிச்சத்திலும் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி பிடித்து, கோணத்தை மாற்றி மாற்றி ஐந்தாறு போட்டோ எடுங்கள். இன்னும் தெரியவில்லை என்றால் கொஞ்சம் முகப் பவுடரைத் தூவி, பஞ்சால் மேலாக ஒற்றி எடுங்கள். பள்ளத்தில் தங்கிய பவுடர் எழுத்தைக் காட்டும். ரிப்பன் மிச்சம் இருந்தால் அதுவும் பேசும்: நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். (மெடலுக்குப் பதில் 12 செ.மீ. குறுக்களவில் சிங்கமும் பெண் உருவமும் உள்ள வெண்கலத் தட்டு கிடைத்தால், நீங்கள் தேட வேண்டியது முதல் உலகப் போரை. அந்தத் தட்டில் பதவி இருக்காது, பெயர் மட்டும்தான்.)

படைப்பிரிவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ‘மெட்ராஸ்’ என்று பார்த்ததும் நேராகக் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு எழுதிவிடுகிறவர்கள் நிறைய. காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்ட் வேறு, பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் வேறு. முதலாவதின் மையமும் ஆவணப் பிரிவும் வெலிங்டனில், இரண்டாவதுக்கு பெங்களூரு. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் சப்ளை, போக்குவரத்துப் படை, அதற்கும் பெங்களூருதான். நம் பக்கத்து ஆட்கள் காலாட்படையில் மட்டும் போகவில்லை. லாரி ஓட்டவும் பாலம் கட்டவும் ரோடு போடவும் போனவர்கள் ஏராளம். இன்னொன்று: வெலிங்டன் பாரக்ஸ் பழசு என்பதால் ‘தாத்தா வெலிங்டனில் பயிற்சி எடுத்தார்’ என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் வெலிங்டனுக்கு வந்தது 1947-ல். போர்க்காலத்தில் அது கோவைக்கு அருகே மதுக்கரையில் இருந்தது. கேள்விப்பட்டதைக் கல்லில் ஏற்றும் முன் இந்த ஒன்றையாவது சரிபாருங்கள்.

போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். மலை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் எந்தக் காகிதத்துக்கும் கூடாது: சூட்டில் பழைய மை பழுப்பாகும், பிறகு பிரிக்கவும் முடியாது. இப்போது ஒரு புதுக் கூத்து நடக்கிறது. பழைய போட்டோவை ஏஐ-யிடம் கொடுத்து, தோளில் பட்டையும் நெஞ்சில் நாலு மெடலும் முறுக்கு மீசையுமாக வாங்கி வருகிறார்கள். 21 வயதில் இறந்தவருக்கு மெடல் வந்தது இறந்த பிறகு. அந்தப் படத்தில் இருப்பது உங்கள் சின்னத் தாத்தா இல்லை, யாரோ ஒருவர்.

கார்டில் ஊர்ப்பெயர் இருக்காது, தணிக்கை அடித்துவிடும். எஃப்.பி.ஓ. என்ற எழுத்துக்குப் பின் ஓர் எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது களத் தபால் நிலையத்தின் எண், எந்தப் பகுதியில் இருந்தார் என்பதற்குத் துப்பு. தேதி தமிழில் இருந்தால் 1944 ஏப்ரல் நடுவோடு சுபானு முடிந்து தாரண வருஷம் தொடங்குகிறது. பர்மா முனையின் பெரிய சண்டைகளில் ஒன்றான கோகிமா முற்றுகை தொடங்கியது 1944 ஏப்ரல் முதல் வாரம், அதாவது சுபானு பங்குனியின் பின்பாதி. இம்பால்–கோகிமா சாலை திறந்தது ஜூன் 22, தாரண ஆனியில். ‘தாரண ஆனி’ என்று கார்டில் இருந்து, வீட்டில் ‘அந்த வருஷம் சித்திரையில் இறந்தார்’ என்றால் இரண்டில் ஒன்று தப்பு. சண்டை பிடிக்காமல் குறித்து வையுங்கள், பதிவு வந்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பதிவு இருக்கிற இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த இடைவெளியில் பணியில் இருக்கும்போது இறந்தவர் குண்டடியில் இறந்தாலும் மலேரியாவில் இறந்தாலும் பெயர் உண்டு. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தேடுவதில்தான் ஆட்கள் தோற்கிறார்கள். படுகர் பெயர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயர், அதை ‘சர்நேம்’ கட்டத்தில் போட வேண்டும். பெல்லி என்பதை அன்றைய குமாஸ்தா ஒரு எல் போட்டும் எழுதியிருப்பார், இரண்டு எல் போட்டும் எழுதியிருப்பார். கடைசியில் ஐ, ஒய், ஐஈ மூன்றும் வரும். ஜோகிக்கு நடுவில் எச் சேரும். மாதன் என்பதில் டி மட்டும் வரலாம், டிஎச்-சும் வரலாம். தமிழ் இனிஷியலைச் சிலருக்கு விட்டுவிட்டார்கள், சிலருக்கு அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு எண்ணால் தேடுங்கள். எண் இல்லையென்றால் ‘இந்திய ராணுவம்’, 1944, கூடுதல் விவரக் கட்டத்தில் ‘நீல்கிரிஸ்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, வருகிற பட்டியலை அப்பா பெயரோடு ஒத்துப் பாருங்கள். ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், நீலகிரி’ என்று ஒரு வரி பலருக்கும் இருக்கும். கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள் ‘திண்டுக்கல்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாவட்டம் 1985-ல் பிறந்தது, அன்றைக்கு அது மதுரை ஜில்லா, ஆங்கிலத்தில் ‘மதுரா’.

கிடைத்த பக்கத்தில் நினைவிடத்தின் பெயர் இருக்கும். இந்துக்கள், சீக்கியர்களின் உடல்கள் அவரவர் வழக்கப்படி எரிக்கப்பட்டதால் அவர்களுக்குத் தனிக் கல்லறை இருக்காது. கோகிமாவில் தகனம் செய்யப்பட்டவர்கள் 917 பேரின் பெயர் அங்குள்ள தகன நினைவுச் சின்னத்தில் உள்ளது. இம்பாலிலும் அதேபோல் ஒன்று உண்டு. உடல் கிடைக்காதவர்களின் பெயர் யாங்கூனுக்கு வடக்கே தாவ்க்யான் கல்லறைத் தோட்டத்தில், ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் இருக்கிறது. கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். டெல்லி இந்தியா கேட்டில் தேட வேண்டாம். அது முதல் உலகப் போருக்கும் ஆப்கன் போருக்கும் கட்டியது. பக்கத்தில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னம் விடுதலைக்குப் பின் இறந்தவர்களுக்கானது. 1962, 1965, 1971, இலங்கை, கார்கில் என்று போனவர்களின் குடும்பங்கள் அங்கேதான் பார்க்க வேண்டும்: வட்டமாக நிற்கிற சுவர்களில் ஆளுக்கொரு கிரானைட் பலகை, அதில் பெயர், பதவி, படைப்பிரிவு.

கோகிமாவோ இம்பாலோ போய்ப் பார்க்க நினைத்தால், வெளிமாநிலத்தாருக்கு நாகாலாந்து, மணிப்பூர் இரண்டுக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து கல்லடியில் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குள் தோண்டாதீர்கள், வாசலுக்கு வெளியே சாலையோரத்து மண்ணும் அதே மலை மண்தான்.

பதிவில் இறந்த விதம் இருந்தால் உள்ளபடி ஏற்றுக்கொள்ளுங்கள். ‘நோயால் இறந்தார்’ என்று வந்தால் வீட்டில் முகம் சுருங்கும். பர்மா முனையில் 1943-ல் காயத்துக்காக ஒருவரைப் பின்னுக்கு அனுப்பினால், நோய்க்காக 120 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புதர்க் காய்ச்சல். அந்தக் காட்டில் காய்ச்சலோடு ரோடு போட்டுச் செத்தவனும் போரில்தான் செத்தான். ‘மார்பில் குண்டேந்தி’ என்ற வரியை எழுதிப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

ராணுவ ஆவணப் பிரிவுக்கு எழுதுவதை நேரடியாகச் செய்வதைவிட ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் வழியாகச் செய்யுங்கள், கடிதத்துக்கு எடை கூடும். எண், பெயர், அப்பா பெயர், அன்றைய தாலுகா, மெடல் போட்டோ, கல்லறை ஆணையப் பக்கத்தின் அச்சு, நீங்கள் வாரிசு என்பதற்கு ஒரு சான்று ஆகியவற்றை இணைக்கவும். ஓய்வூதியம் இல்லாத பழைய கோப்புகளைக் குறித்த காலத்துக்குப் பின் ராணுவம் கழித்துவிடும். அம்மாவுக்கோ மனைவிக்கோ பென்ஷன் வந்திருந்தால் நிலைமை வேறு. பழைய டிரங்குப் பெட்டியில் பென்ஷன் புத்தகம் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள ஆணை எண்ணை வைத்துக் கோப்பைத் தேட முடியும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இடத்தைப் பார்க்கலாம்.

இடம். பொது இடத்தில், சாலையோரத்தில், நடைபாதையில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18-ல் உத்தரவிட்டது. ஆகவே பஸ் ஸ்டாப் முக்கு, ரோட்டு வளைவு இரண்டையும் மறந்துவிடுங்கள். சொந்தப் பட்டா நிலம் மிகச் சுலபம். ஊர் மந்தையில்தான் வைக்க வேண்டும் என்றால் அந்த நிலம் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஊர் பரம்பரையாகப் புழங்கும் இடம் பதிவேட்டில் புறம்போக்காக இருப்பது மலையில் சகஜம். அப்படியென்றால் கிராம சபைத் தீர்மானம், வருவாய்த் துறை ஒப்புதல் என்று நீளும். ஊர்க் கௌடர் (ஊர்த் தலைவர்), பெரியவர்கள் சம்மதத்தை இதற்கெல்லாம் முன்பே வாங்குங்கள். மந்தையில் ஏற்கெனவே வழிபாட்டுக் கற்கள் இருக்கும், அவற்றுக்கு எவ்வளவு தள்ளி வைப்பது என்பது அவர்கள் சொல்ல வேண்டியது.

மண்டபம், கூரை, கிரில் கேட் வேண்டவே வேண்டாம். கூரை போட்ட நிமிடம் அது கட்டடம் ஆகிவிடும், கட்டட அனுமதி, மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்று கோப்பு நகராது. திறந்தவெளியில் ஒற்றைக் கல் போதும், பார்க்கவும் அதுதான் அழகு. பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டாதீர்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அதை இறக்கவும் முடியாது, 2009 நவம்பர் மழையில் மண் எங்கெல்லாம் சரிந்தது என்பது கோத்தகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரம் குறுக்கே நின்றால் இடத்தை மாற்றுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலே உண்டு, பட்டா மரத்துக்கும் அனுமதி வேண்டும். கற்பூர மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில் நட வேண்டாம். காற்றில் கிளை விழும், இலைச்சாறு கல்லில் கறை பிடிக்கும்.

கல்லுக்கு வருவோம். மார்பிள் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் பாசி ஏறி, எழுத்து மங்கும். நீலகிரி, பழனி மலை இரண்டுமே சார்னோக்கைட் பாறை. பழைய கற்கள் தாங்கி நிற்கக் காரணம் அதன் கெட்டித்தனம். இப்போது மலையில் கல் உடைப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் சமவெளிக் கருங்கல்தான். மேட்டுப்பாளையம், கோவைப் பட்டறைகளில் கிருஷ்ணகிரி சாம்பல் நிறக் கல்லும் சாமராஜநகர் கறுப்புக் கல்லும் கிடைக்கும். மெருகிட்ட கறுப்பில் வெட்டிய எழுத்து சாம்பல் நிறத்தில் தானாகப் பளிச்சென்று தெரியும், பெயிண்ட் தேவையில்லை. தங்கப் பெயிண்ட் உரிந்து போன கல்லைப் போல அசிங்கம் வேறில்லை.

அளவு: ஐந்தரை அடி உயரம், இரண்டு அடி அகலம், ஆறு அங்குல கனம். இது ஏறத்தாழ 420 கிலோ வரும். லாரி நிற்கும் இடத்திலிருந்து மந்தைக்குப் படிக்கட்டுப் பாதை என்றால் இந்தக் கனத்தைத் தூக்க ஆள் போதாது, மூன்று கம்பம் சேர்த்துக் கட்டிய தாங்கியும் செயின் புல்லியும் வேண்டும். அது முடியாத ஊருக்கு நாலடி உயரம், ஒன்றரை அடி அகலம், நாலு அங்குலம்: சுமார் 155 கிலோ, ஆறு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவிடலாம். பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போதே மண்ணுக்குள் போகும் ஒன்றரை அடியை மெருகிடாமல் கரடாக விடச் சொல்லுங்கள். மெருகுக்கு கான்கிரீட் பிடிக்காது.

பெரிய கல்லுக்குக் குழி மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம். அடியில் 40 மி.மீ. ஜல்லி ஆறு அங்குலம் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்துங்கள், நாலு கன அடி பிடிக்கும். அதன்மேல் 1:2:4 கான்கிரீட் ஆறு அங்குலம். அது இறுகியதும் கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு வைத்து இரு பக்கமும் நேர் பார்த்து, நாலு திசையிலும் முட்டுக் கொடுத்து, சுற்றிலும் மேல்வரை கான்கிரீட் போடுங்கள். மொத்தம் சிமெண்ட் இரண்டரை மூட்டை, எம்-சாண்ட் ஆறு கன அடி, 20 மி.மீ. ஜல்லி பதினொரு கன அடி. கான்கிரீட்டின் மேல்முகம் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து, கல்லிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். இதைச் சமமாக விட்டால் கல்லடியில் தண்ணீர் நிற்கும், பாசி அங்கேதான் தொடங்கும்.

சமவெளி மேஸ்திரி மூன்றாம் நாளே முட்டுக் கட்டைகளைப் பிடுங்கச் சொல்வார். மலைக் குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். ஏழு நாள் முட்டு நிற்கட்டும், ஈரச் சாக்கு பத்து நாள் கிடக்கட்டும். உறைபனி விழும் ஜனவரியில் வேலை வேண்டாம். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், கான்கிரீட் காலையில் போட்டால் இரவுக் குளிருக்கு முன் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் மூன்றடிக்கு ஒரு தண்ணீர்த் துளை, வெளிப்பக்கம் சாய்வாக. துளை அடைத்துப்போன சுவர்தான் மழையில் கல்லோடு சாய்கிறது. காட்டெருமை புழங்கும் ஊரில் கல்லின் கூர்முனைகளை வட்டமாக்கிவிடுங்கள். அது உரசாமல் போகாது, கூர்முனைதான் முதலில் தெறிக்கும்.

எழுத்து வெட்டுவதில் நடக்கும் விபத்து கணினியில்தான் ஆரம்பம். பல பட்டறைகளில் பழைய தமிழ் எழுத்துரு, நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய யூனிகோடை அதில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘கோத்தகிரி’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும், வெட்டுபவர் கன்னடக்காரராகவோ ராஜஸ்தானியாகவோ இருந்தால் அப்படியே வெட்டிவிடுவார். எழுத்தை உருவக்கோடாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். அவர்களிடமிருந்து முழு அளவுக் காகித அச்சு வாங்கி, சுவரில் ஒட்டி, மூன்று பேர் தனித்தனியாக வாய்விட்டுப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். பெயர் இரண்டு அங்குல உயரம், மற்ற வரி ஒன்றேகால் அங்குலம், ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெய்யெழுத்துப் புள்ளி ஐந்து மில்லிமீட்டர் குறுக்களவாவது இருக்கட்டும். சின்னப் புள்ளியில் பாசி புகுந்து அடைத்துவிடும், அப்புறம் ‘மாதன்’ ‘மாதன’ ஆகிவிடுவார்.

என்ன எழுதுவது? வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. அவற்றில் ஒன்று சொல்வதெல்லாம் கூடல் ஊர் ஆகோளில் (மாடு கவரும் சண்டையில்) இறந்த தீயன் அந்தவனின் கல் என்பதுதான். ஆள், ஊர், நிகழ்ச்சி. கவிதை கிடையாது, ‘மாவீரன்’ கிடையாது. அந்த அளவே போதும்: எண்ணும் பதவியும் ஒரு வரி, பெயர் ஒரு வரி, இன்னாரின் மகன் என்று ஒரு வரி, படைப்பிரிவு, இறந்த நாளும் இடமும், வயது. வயதைக் கட்டாயம் போடுங்கள். ‘21’ என்ற எண் செய்வதை எந்த அடைமொழியும் செய்யாது. ஆனால் வீட்டார் சொல்லும் 21-க்கும் பதிவில் உள்ள வயதுக்கும் வித்தியாசம் வந்தால், பதிவில் இருப்பதையே போடுங்கள். சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் அன்று பலர் என்பதை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். ‘நிறுவியவர்கள்’ பட்டியலும் திறந்து வைத்தவர் பெயரும் வேண்டாம். அவை கல்லில் ஏறினால் சிப்பாயின் பெயரைத் தேட வேண்டிவரும். நான்முகச் சிங்கமும் கூடாது. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்த 2005 சட்டம் தடை செய்கிறது, 1944-ல் இறந்தவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

திறப்பு நாளுக்கு அவர் இறந்த தேதியே நல்லது. அது மழைக்காலத்தில் விழுந்தால் டிசம்பர் 7 கொடி நாள். டிசம்பர் கடைசி, ஜனவரியில் படுகரின் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கினால் ஊர் அந்த வேலையில் இருக்கும், அப்போது வேண்டாம். கல்லைத் தேசியக் கொடியால் மூடித் திறப்பது பல ஊரில் நடக்கிறது. கொடி விதிகள் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. வெள்ளைத் துணி போடுங்கள், கொடியைத் தனிக் கம்பத்தில் ஏற்றுங்கள். அதை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதும் தனியார் முடிவு செய்யும் விஷயமில்லை. இறந்த வீரருக்கு மரியாதையாக ஊதும் லாஸ்ட் போஸ்ட் இசையை வாசிக்க ஒரு பியூகிள் (ஊதுகொம்பு) வீரர் வேண்டும் என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆறு வாரத்துக்கு முன் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை அழைப்பிதழில் அச்சடிக்காதீர்கள். வராவிட்டால் ஊரில் உள்ள ஓய்வுபெற்ற படைவீரர்கள் மெடல் அணிந்து வரிசையில் நின்று இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடித்தாலே நிறைவு. மலர் வளையத்தில் தெர்மாகோலும் பிளாஸ்டிக் தாளும் இருக்கக் கூடாது, நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கடுமை. மூங்கில் வளையத்தில் சாமந்தி கட்டலாம்.

எண்ணெய் விளக்கு, பொரி, வாழைப்பழம் எதையும் இரவில் விட்டுவிட்டு வராதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் கரடிகள் விளக்கில் உள்ள எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கின்றன, திறந்தவெளிக் கல் எம்மாத்திரம். கல்லுக்கு எண்ணெய், பால் ஊற்றும் வழக்கமும் வேண்டாம், கரடுப் பகுதியில் இறங்கிய எண்ணெய் வெளியே வராது.

வருடம் ஒருமுறை, மே மாதம், வெறும் தண்ணீரும் நைலான் பிரஷும் வைத்துக் கழுவினால் போதும். பாசிப் பற்று கெட்டியாக இருந்தால் ஒரு மணி நேரம் ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு நான்கும் கல்லின் எதிரிகள். ஆகஸ்ட் 15-க்கு முன் யாராவது ஆர்வக் கோளாறில் அடிப்பகுதிக்கு மூவர்ண பெயிண்ட் அடிக்க வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்குக் கல்லா’ என்று ஒருவராவது கேட்பார். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம், இறந்தவர்கள் 87,000-க்கு மேல். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. சம்பளம், பஞ்சம், வீட்டுக் கடன், ஊரைத் தாண்டிப் போகும் ஆசை என்று காரணம் ஆளுக்கு ஆள் வேறு. அவர் யார் பக்கம் நின்றார் என்று கல் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊர்ப் பையன் இந்த நாளில் இங்கே இறந்தான் என்றால் போதும்.

ஊரிலிருந்து போய்த் திரும்பி வந்தவர்களின் பெயரை முன்பக்கத்தில் சேர்க்காதீர்கள், இறந்தவரும் மீண்டவரும் ஒரே பட்டியலில் குழம்பும். ஆறு அங்குலக் கல்லுக்குப் பின்பக்கம் சும்மாதான் இருக்கிறது. இப்போது அதை வெறுமையாக விட்டு, பெயர்களைப் பொறுமையாகத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதச் சான்று கிடைத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு ஏற்பாடு இன்றே வேண்டும்: கல்லைத் தடுப்புச் சுவரோடு ஒட்டி நடாமல், பின்னால் ஆள் உட்கார்ந்து உளி பிடிக்க மூன்றடியாவது இடம் விட்டு நடுங்கள்.